இரண்டு நாள் போர்க்காலம்

போர் என்றால் அஞ்சி ஒதுங்குவது மனித இயல்பு. ஆயின், நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு போர்க்காலத்துக்குள் புகுந்து, சனி, ஞாயிறு இரண்டு நாளும் அங்கே வாழ்ந்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல் வேலைக்குத் திரும்புகிறவர்களும் இவ்வுலகில் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் பல ஊர்களில் ஆண்டுதோறும் 'நாற்பதுகளின் வார இறுதி' என்ற பெயரில் இது நடைபெறுகிறது. இதை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது. வரலாற்றுக் கல்வி என்று முழுதும் ஒப்புக்கொள்ளவும் முடியாது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது, எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பன ஆராயத்தக்கவை.

பெரும்பாலும் பழைய நீராவி ரயில் பாதைகளே இவ்விழாக்களுக்குக் களமாகின்றன. நிலையத்தின் பெயர்ப்பலகை மூடப்பட்டிருக்கும். 1940இல் ஜெர்மானியர் படையெடுத்து வருவர் என்ற அச்சத்தால், வழி தெரியாமல் பகைவர் தடுமாறட்டும் என்று நிலையப் பெயர்களை அகற்றினார்கள். அதன் நினைவே இது. வாயிலில் மணல் மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். குண்டு அதிர்ச்சியில் கண்ணாடி சிதறாதிருக்கச் சன்னல்களில் குறுக்கும் நெடுக்குமாகக் காகிதப் பட்டைகள் ஒட்டப்பட்டிருக்கும். இரும்புத் தொப்பி அணிந்த விமானத் தாக்குதல் காவலர், தாதியர், கம்பளிச் சீருடைச் சிப்பாய்கள், ஊர்க்காவல் படையினர் என்று வேடமிட்டவர் கூட்டம் மேடையெங்கும் நிறைந்திருக்கும். சின்னஞ்சிறு பிள்ளைகள் சட்டையில் பெயர்ச்சீட்டும் தோளில் அட்டைப்பெட்டியும் தொங்க நிற்பார்கள். மாலையானால் கிராமபோன் ஒலிக்கும், நடனம் தொடங்கும்.

பழைய வழக்கம்

நடந்து முடிந்த போரை மீண்டும் நடித்துக் காட்டுவது புதிய பழக்கமன்று. ரோமாபுரியில் அகஸ்டஸ் சீசர் கி.மு. 2ஆம் ஆண்டில் பெரிய குளம் ஒன்றை வெட்டுவித்து, ஏதென்ஸ் நாட்டாரும் பாரசீகரும் பொருத கடற்போரை மக்கள் காண நடத்திக்காட்டினான். 30 பெரிய கப்பல்களும், துடுப்பு வலிப்போர் நீங்கலாக 3,000 வீரரும் அதில் பங்குகொண்டனர். அக்காலக் காட்சியில் வாள் உண்மை வாள். சிந்திய குருதியும் உண்மைக் குருதி. இத்தகைய காட்சிகளில் பொருதவர்கள் பெரும்பாலும் போர்க்கைதிகளும் மரண தண்டனை பெற்றவர்களுமே. காண்பவனுக்கு விளையாட்டு, நடிப்பவனுக்குச் சாவு என்பதே ரோமானியரின் கணக்கு.

நூற்றாண்டுகள் பல கழிந்தன. 1839 ஆகஸ்டு மாதம் ஸ்காட்லாந்தில் எக்லிண்டன் பிரபு இடைக்கால வீரர் போட்டி ஒன்றை ஏற்பாடு செய்தார். செல்வர் வீட்டு இளைஞர்கள் இரும்புக் கவசம் பூண்டு குதிரை ஏறினர். ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டனர். ஆனால் பெருமழை பிடித்துக்கொண்டது. களம் சேறாயிற்று, கவச வீரர்கள் குடை பிடிக்க வேண்டியதாயிற்று. நாடெங்கும் சிரித்தது. ஆயினும் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஓர் உண்மை இருந்தது. நீராவி இயந்திரமும் ஆலைப்புகையும் பெருகிவந்த காலத்தில், கையைவிட்டுப் போன ஒரு பழங்காலத்தைப் பற்றிய ஏக்கமே அப்பிரபுவைப் பெரும்பொருள் செலவிட வைத்தது. மறுநடிப்பு எங்கே தோன்றினாலும், அங்கே ஓர் ஏக்கம் ஒளிந்திருக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

அமெரிக்கா கற்ற பாடம்

இன்றைய மறுநடிப்புக்கு உருவம் கொடுத்த நாடு அமெரிக்கா. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் என்னுமிடத்தில் 1863 ஜூலை 1, 2, 3 ஆகிய நாட்களில் கடும்போர் மூண்டது. இருதரப்பிலும் மாண்டவர், காயமுற்றவர், காணாமற் போனவர் ஏறத்தாழ 50,000 பேர். அதன் 50ஆம் ஆண்டு நிறைவில், 1913இல், எஞ்சியிருந்த முதிய வீரர்கள் 50,000க்கும் மேற்பட்டோர் அதே மண்ணில் கூடினர். தென்னகத்து முதியவர்கள், தாம் இளமையில் பாய்ந்து சென்ற வெளியை மெல்ல நடந்து கடந்தனர். கற்சுவருக்கு அப்பால் நின்ற வடவர், துப்பாக்கிக்குப் பதில் கையை நீட்டினர். பகைவர் கைகுலுக்கிய அக்காட்சி உலகெங்கும் புகழப்பட்டது.

புகழ்ச்சிக்கு உரியதுதான். ஆனால் அதில் ஒரு பெருங்குறையும் இருந்தது. அந்தப் போரின் வேரில் இருந்தது அடிமை முறை. வடவர் படையில் சேர்ந்து பொருத கறுப்பின வீரர்கள் சுமார் 1,80,000 பேர். அவர்களுக்கு அந்த விழாவில் உரிய இடம் அளிக்கப்படவில்லை. அடிமைத்தளையைப் பற்றிய பேச்சும் பின்னுக்குத் தள்ளப்பட்டது. இரண்டு அண்ணன் தம்பிகள் சண்டையிட்டுச் சமாதானமான கதையாக அப்போர் மாற்றப்பட்டது. எவருடைய விடுதலை பொருட்டுக் குருதி சிந்தப்பட்டதோ, அவர்களே கதையிலிருந்து மறைந்து போயினர்.

1961 ஜூலையில், போரின் நூறாவது ஆண்டையொட்டி, மனாசஸ் என்ற களத்தில் ஆயிரக்கணக்கானோர் சீருடை அணிந்து முதற்போரை நடித்துக் காட்டினர். பல்லாயிரம் மக்கள் கண்டு களித்தனர். ஆனால், மாண்டவர் நினைவைப் போற்ற வேண்டிய மண்ணில் வாணவேடிக்கையும் வணிகமும் நடப்பதா என்ற கண்டனமும் எழுந்தது. பின்னர் அமெரிக்க தேசியப் பூங்காத் துறை, தன் பொறுப்பிலுள்ள போர்க்களங்களில் இருதரப்பாகப் பிரிந்து பொருவதுபோல் நடிப்பதைத் தடைசெய்தது. முகாம் வாழ்க்கையைக் காட்டலாம். துப்பாக்கியை இயக்கும் முறையை விளக்கலாம். ஆனால் மனிதனைக் குறிபார்த்துச் சுடுவதுபோல் நடிக்கலாகாது. காரணம் எளியது. வெடிமருந்துப் புகையை நடிக்கலாம். சாவை நடிக்க முடியாது. விழுந்தவன் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு போகும் காட்சி, உண்மையாக விழுந்து எழாமற் போனவனுக்கு மரியாதையாகாது.

இங்கிலாந்தின் ரயில் நிலையங்கள்

இங்கிலாந்தில் 1968இல் பிரிகேடியர் பீட்டர் யங் என்னும் படைவரலாற்று அறிஞர், 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டும் 'சீல்டு நாட்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் கமாண்டோ படையில் பணியாற்றியவர் அவர். அதே 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வே தன் நீராவி வண்டிகளுக்கு விடை கொடுத்தது. மூடப்பட்ட கிளைப் பாதைகளைத் தொண்டர்கள் விலைக்கு வாங்கிப் பாதுகாத்தனர். வேல்சு நாட்டின் டலித்லின் பாதையில் 1951இல் தொடங்கிய அம்முயற்சி நாடெங்கும் பரவிற்று. பழைய வண்டி, பழைய நிலையம், பழைய சமிக்ஞைக் கம்பம் எல்லாம் ஓரிடத்தில் இருந்தபோது, அவற்றுக்கு ஏற்ற பழைய மனிதர்களும் தேவைப்பட்டனர். நாற்பதுகளின் வார இறுதி அங்கே வேர் கொண்டதில் வியப்பில்லை.

இவ்விழாக்களில் பங்குபெறுவோரின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது. பொத்தான் எந்த ஆண்டைச் சேர்ந்தது, காலணி ஆணி எத்தனை, தொப்பியின் சாய்வு எவ்வளவு என்றெல்லாம் ஆராய்ந்து உடை தைக்கிறார்கள். கைக்கடிகாரம் முதற்கொண்டு காலத்துக்கு ஒவ்வாததை ஒளித்துவைக்கிறார்கள். கோடை வெயிலில் கனத்த கம்பளிச் சீருடையோடு நாள் முழுதும் நிற்கிறார்கள். பள்ளிப் பாடநூலில் ஒரு வரியாகக் கிடக்கும் செய்தி இவர்கள் கையில் உயிர் பெறுகிறது.

எடுத்துக்காட்டாக, பங்கீட்டு முறையைக் கூறலாம். 1940 ஜனவரி 8ஆம் நாள் பன்றியிறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றுக்கு இங்கிலாந்தில் பங்கீடு வந்தது. அவ்வாண்டு ஜூலையில் தேயிலையும் சேர்ந்தது. ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ். 1941 ஜூன் 1 முதல் துணிக்கும் கூப்பன் முறை வந்தது. முதலாண்டில் ஒருவருக்கு 66 கூப்பன். ஆண்மகனின் முழு உடுப்பு ஒன்றுக்கே 26 கூப்பன் போய்விடும். போர் முடிந்தும் தொல்லை தீரவில்லை. போரின்போது பங்கிடப்படாத ரொட்டி 1946 முதல் 1948 வரை பங்கிடப்பட்டது. இறைச்சிப் பங்கீடு நீங்கியது 1954 ஜூலையில்தான். இந்த எண்களைப் படிப்பது வேறு. ஒரு வாரத்துக்குரிய வெண்ணெயும் தேயிலையும் ஒரு சிறு தட்டில் அடங்கியிருப்பதைக் கண்ணால் காண்பது வேறு. அந்தத் தட்டின் முன் நிற்கும் பிள்ளை, தன் பாட்டனார் சோற்றை வீணாக்காத காரணத்தை அப்போதே புரிந்துகொள்கிறது.

பெயர்ச்சீட்டுக் குழந்தைகளின் காட்சியும் அத்தகையதே. 1939 செப்டம்பர் 1ஆம் நாள் தொடங்கி மூன்று நாட்களில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நகரங்களிலிருந்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிச் சிறுவர். எந்த ஊருக்குப் போகிறோம், யார் வீட்டில் உறங்குவோம் என்பது அப்பிள்ளைகளுக்குத் தெரியாது. பிளாட்பாரத்தில் வழியனுப்பத் தாய்மாரை விடாத நிலையங்களும் இருந்தன. இன்றைய பிள்ளை அதே சீட்டை அணிந்து ரயில் ஏறுகிறது. ஆனால் மாலையில் தாயுடன் வீடு திரும்புகிறது. ஒற்றுமை இவ்வளவு, வேற்றுமை அவ்வளவு.

உடுப்பும் உள்ளமும்

'மறுநடிப்பு' என்ற சொல்லுக்கு வரலாற்றுத் தத்துவத்தில் மிக உயர்ந்த பொருள் ஒன்று உண்டு. ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ஆர். ஜி. காலிங்வுட், வரலாறு என்பதே பழைய மனிதரின் எண்ணத்தை வரலாற்றாசிரியன் தன் உள்ளத்தில் மறுபடியும் எண்ணிப் பார்ப்பதுதான் என்று கருதினார். அவர் மறைந்தபின் 1946இல் வெளிவந்த 'வரலாறு பற்றிய கருத்து' என்ற நூலில் இக்கொள்கை விளக்கப்பட்டுள்ளது. சீசர் ஆற்றைக் கடந்தான் என்பது செய்தி. கடக்கலாமா, கூடாதா என்று அவன் எண்ணியதை, அதே சிக்கலை முன்னால் வைத்துக்கொண்டு, தானும் எண்ணிப்பார்ப்பதே வரலாற்றறிவு.

இந்த உரைகல்லில் வார இறுதி விழாவை உரசிப் பார்க்கலாம். உடுப்பு எண்ணத்துக்கு வாயிலாகலாம். ஆனால் உடுப்பே எண்ணம் ஆகிவிடாது. போர்க்காலத்து மனிதனுடைய உள்ளத்தில் முதன்மையாக இருந்தது, முடிவு தெரியாமை. 1940இல் இருளடைந்த தெருவில் நடந்தவனுக்கு இங்கிலாந்து வெல்லும் என்று தெரியாது. மறுநாள் காலையில் தன் வீடு நிற்குமா என்றும் தெரியாது. 1940 செப்டம்பர் 7 முதல் இலண்டன் மாநகரம் 57 இரவுகள் தொடர்ந்து குண்டுவீச்சுக்கு ஆளாயிற்று. 1941 மே மாதத்துக்குள் நாடெங்கும் 40,000க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். வார இறுதியில் வேடமிடுபவனுக்கோ எல்லாம் தெரியும். வெற்றி கிட்டும் நாளும் தெரியும். ஞாயிறு மாலை கடைசி வண்டி புறப்படும் நேரமும் தெரியும். அச்சத்தைக் கழித்துவிட்டால் எஞ்சுவது அழகிய தொப்பியும் இனிய பாட்டுமே.

பெத்னல் கிரீன் நிலத்தடி ரயில் நிலையத்தை இங்கே நினைவுகூர வேண்டும். 1943 மார்ச் 3ஆம் நாள் இரவு, அபாயச் சங்கு கேட்டு மக்கள் அங்கே புகலிடம் தேடி இறங்கினர். மழையில் நனைந்த படி. மங்கலான ஒரே விளக்கு. குழந்தையுடன் இறங்கிய ஒரு பெண் இடறி விழுந்தாள். பின்னால் வந்தவர் அவள்மேல் விழ, அவர்மேல் மற்றவர் விழ, சிறிது நேரத்தில் 173 பேர் மூச்சுத் திணறி மாண்டனர். அந்த இடத்தில் குண்டு எதுவும் விழவேயில்லை. நடந்தது என்ன என்ற முழு விவரமும் போர்க்காலத்தில் மக்களுக்கு வெளியிடப்படவில்லை. பாட்டும் தேநீரும் நிறைந்த பதுங்கிடக் காட்சியில் இந்தப் படிக்கட்டுக்கு இடம் உண்டா? அது இடம்பெறாவிடில், காட்டப்படுவது போர்க்காலமன்று. போர்க்காலத்தின் இனிய நினைவு மட்டுமே.

பகைவர் வேடம் இன்னொரு சிக்கல். ஹிட்லரின் கொலைப்படைச் சீருடையை அணிந்து வருவோரைப் பல விழாக்குழுவினர் அனுமதிப்பதில்லை. யூத மக்களைக் கொன்று குவித்தவர்களின் உடுப்பு, புகைப்படத்துக்கான அலங்காரம் ஆகலாகாது என்பது அவர்கள் கொள்கை. ஜெர்மனியிலோ நாஜிச் சின்னங்களைப் பொதுவிடத்தில் காட்டுவது, கல்வி, கலை போன்ற விலக்குகள் நீங்கலாக, சட்டப்படி குற்றம். பகைவனே இல்லாத போரைக் காட்டினால் அது பொய்; பகைவனை அழகனாகக் காட்டினால் அது தீமை. இவ்விரண்டுக்கும் இடையில் வழி காண்பது எளிதன்று.

அட்டைப்பெட்டிக்குள் இருந்த ரப்பர்

மேடையில் நிற்கும் குழந்தையின் தோளில் ஓர் அட்டைப்பெட்டி தொங்குகிறதல்லவா? அதனுள் இருப்பது நச்சுப்புகைக் கவசம். 1938 செப்டம்பரில், போர் தொடங்குவதற்கு ஓராண்டு முன்னரே, சுமார் 3 கோடியே 80 இலட்சம் கவசங்கள் பிரிட்டிஷ் மக்களுக்கு வழங்கப்பட்டன. முகத்தோடு ஒட்டும் பகுதி ரப்பராலானது. அக்காலத்தில் உலகிலேயே மிகுதியாக ரப்பர் விளைந்த நாடு மலாயா. விடியுமுன் எழுந்து, பால்மரங்களுக்கு இடையே வாளியும் கத்தியுமாக நடந்த தோட்டப் பாட்டாளிகளில் தமிழர் பெருந்தொகையினர். பங்கிடப்பட்ட அந்த 2 அவுன்ஸ் தேயிலைக்குப் பின்னாலும் இலங்கை மலைநாட்டில் கூடை சுமந்த தமிழ்ப் பெண்களின் விரல்கள் இருந்தன. டன்கர்க் கடற்கரையிலும் இந்தியர் இருந்தனர். 1939 டிசம்பரில் பிரான்சின் மார்சேல் துறைமுகத்தில் இறங்கிய இந்திய இராணுவத்தின் கோவேறு கழுதைக் கம்பெனிகள் நான்கு அங்கே பணிபுரிந்தன. அவற்றுள் ஒன்று ஜெர்மானியரிடம் சிக்கிற்று. ஏனையோர் தம் விலங்குகளைக் கைவிட்டு மீண்டனர். போர் முடிவதற்குள் இந்திய இராணுவத்தில் சேர்ந்தவர்கள் 25 இலட்சம் பேர்.

தீவு நாடொன்று தனித்து நின்று வென்றது என்ற கதையில் இவர்களுக்கு இடமில்லை. கெட்டிஸ்பர்க்கில் கறுப்பின வீரருக்கு நேர்ந்ததே இவர்களுக்கும் நேர்ந்தது. வேண்டுமென்று ஒருவர் விலக்கினார் என்பதன்று. மறுநடிப்பு, நடிப்பவர் தம் குடும்பத்தில் கேட்ட கதையிலிருந்து பிறக்கிறது. அக்குடும்பத்தின் கதைக்கு வெளியே இருந்தவர் அதில் தோன்றுவதில்லை.

மற்றொரு ரயில் பாதை

இங்கிலாந்தின் ரயில் பாதைகளில் போர்க்காலம் திருவிழாவாகிறது. கிழக்கே அதே போர்க்காலத்தில் இடப்பட்ட இன்னொரு பாதையும் இருக்கிறது. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. அதில் வதைபட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேல். மாண்டவர் 12,000க்கும் மேல். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர், பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்களோ பன்மடங்கு மிகுதி. காலராவுக்கும் பசிக்கும் பலியானவர்கள் பல்லாயிரவர். அவர்களைப் பெயர் எழுதிப் புதைத்தவர் இல்லை.

இப்பாதையும் நடிப்புக்குத் தப்பவில்லை. 1957இல் வெளிவந்த புகழ்பெற்ற குவாய் நதிப் பாலத் திரைப்படம் இலங்கையின் கித்துள்கலையில் படமாக்கப்பட்டது. அதன் கதை வெள்ளைக் கைதிகளின் கதை. காஞ்சனபுரியில் ஆண்டின் இறுதியில் நடைபெறும் பால விழாவில், விமானங்கள் பாலத்தைக் குண்டுவீசித் தகர்த்த காட்சி ஒலியாலும் ஒளியாலும் மீண்டும் காட்டப்படுகிறது. வானம் சிவக்கிறது, பாலம் அதிர்கிறது, மக்கள் கைதட்டுகிறார்கள். வெடியோசையை நடித்துக் காட்டலாம். சகதியில் தண்டவாளம் சுமந்தவனின் மௌனத்தை எந்த ஒலிபெருக்கியால் காட்ட முடியும்?

சிங்கப்பூர் வேறொரு முறையைக் கையாண்டிருக்கிறது. 1942இல் அந்நகரம் வீழ்ந்த பிப்ரவரி 15ஆம் நாளையொட்டிப் பள்ளிகளில் தண்ணீர்க் கட்டுப்பாடு, எளிய கிழங்கு உணவு போன்ற பயிற்சிகள் நடத்தப்பட்டுள்ளன. சீருடை இல்லை, துப்பாக்கி இல்லை, ஒரு வேளை இல்லாமை மட்டுமே. பசியின் நிழல் சிறிதளவேனும் படுகிற இம்முறை, தொப்பியின் சாய்வைவிட ஆழமாகப் பதியக்கூடும்.

எஞ்சும் பொறுப்பு

1940இல் 6 வயதுக் குழந்தையாகப் பெயர்ச்சீட்டுடன் ரயிலேறியவர் இன்று 90 வயதைக் கடந்தவர். நேரில் கண்டு சொல்வோர் தொகை ஆண்டுதோறும் சுருங்குகிறது. அவர்கள் இருந்தவரையில், வேடத்தில் பிழை இருந்தால், "அப்படியல்ல, இப்படி" என்று திருத்த ஆள் இருந்தது. இனித் திருத்துவோர் இல்லை. விழாவில் காட்டப்படுவதே வருங்காலத்தார்க்கு வரலாறு ஆகிவிடும். ஆகவேதான் இது விளையாட்டுச் செய்தியன்று.

விழாவை நிறுத்துவது இதற்கு மருந்தாகாது. வரலாற்றை நாடி மக்கள் தாமே வரும் இடங்கள் உலகில் மிகுதியாக இல்லை. வந்தவர்களை விரட்டுவது அறிவுடைமையன்று. வேண்டுவது காட்சியை விரிவாக்குவதே. ரேஷன் தட்டின் அருகே அந்தத் தேயிலை எந்த மலையில் பறிக்கப்பட்டது என்று ஓர் அட்டை வைக்கலாம். நச்சுக்கவசத்தைக் காட்டும்போது பால்மரத்தின் கதையைச் சொல்லலாம். நடனம் தொடங்குமுன் பெத்னல் கிரீன் படிக்கட்டில் மாண்ட 173 பேருக்காக ஒரு நிமிடம் கிராமபோனை நிறுத்தலாம். செலவில்லாத செயல்கள் இவை.

கிழக்கிலும் ஒரு கடமை உண்டு. சயாமுக்குப் போய்த் திரும்பியவர், திரும்பாதவர் கதைகள் இன்னும் சில வீடுகளில் வாய்மொழியாக உலவுகின்றன. நடித்துக் காட்ட உடுப்போ நிலையமோ அங்கே இல்லை. கந்தலும் கோணிச் சாக்கும் உடுத்தி மாண்டவர்களுக்கு வேடம் புனைய எவரும் முன்வரப் போவதுமில்லை. அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய மறுநடிப்பு ஒன்றே ஒன்று. தாத்தாவின் பெயர், அவர் இருந்த தோட்டத்தின் பெயர், அவரைக் கூட்டிப்போன ஆண்டு ஆகிய மூன்றையும் பேரப்பிள்ளை கேட்டு ஒரு தாளில் எழுதி வைப்பதே அது.